அண்ணாச்சிக்கு ஒரு கிண்ணம் ஜாஜிக்

– முறுக்காதீய மச்சான், பாவம், அது வெள்ளரிக்கா. துவைச்ச கைலியா என்ன, இந்தப் பிழி பிழியுதிய?

– தண்ணி பூரா எறங்கணும் புள்ள. இல்லன்னா தயிர் நீத்துப் போயிரும்.

– அப்புறம் அதுல ஐஸ் தண்ணி ஊத்தணும்னு காலைல சொன்னியளே?

– ஊத்தணும்.

– இருக்க தண்ணியப் பிழிஞ்சு கீழ கொட்டிட்டு, மறுபடியும் தண்ணி ஊத்தணும். இதத்தான் பதினோரு வருசமா சார்ஜால துருக்கி ஹோட்டல்ல உக்காந்து படிச்சிய, என்ன?

– அது வேற தண்ணி, இது வேற தண்ணி. வெள்ளரித் தண்ணி பச்ச வாடை அடிக்கும். கெமால் உஸ்தா சொல்லுவாரு...

– வந்துட்டாருய்யா கெமால் உஸ்தா! எங்கடா இன்னும் ஆளக் காணலயேன்னு பாத்தேன். இந்த வீட்டுல உங்க வாப்பா பேரச் சொன்னத விட அவரு பேரச் சொன்னதுதான் அதிகம்.

– உஸ்தான்னா துருக்கில பெரிய சமையக்காரருன்னு அர்த்தம். வெங்காயம் உரிக்கதுல இருந்து எனக்குச் சொல்லித் தந்த மனுசன். மரியாதையாப் பேசு.

– மரியாதையாத்தான் பேசுதேன். தயிர்ப்பச்சடிக்கு வேற பேரு வச்சு இருபது திர்ஹத்துக்கு விக்காருன்னா, அந்த மனுசனுக்கு மரியாதை குடுக்காம இருக்க முடியுமா?

– பச்சடி இல்ல. ஜாஜிக்.

– தயிரு இருக்கா?

– இருக்கு.

– வெள்ளரிக்கா?

– இருக்கு.

– உப்பு?

– இரு, இரு. உப்பு எங்கன இருக்கு?

– அடுப்புக்கு இடப்பக்கம், பச்ச மூடி. இந்த வீட்டுல உப்பு எங்கன இருக்குன்னு கேக்க ஒரே ஆளு நீங்கதான். அடுத்த வீட்டு ஆவுடையம்மா அக்கா கூட நேரா வந்து எடுத்துட்டுப் போவாவ.

– ரெண்டு வருசத்துக்கு ஒருக்க நாப்பது நாள் வாரவனுக்கு என்ன புள்ள தெரியும்? போன தடவ சிவப்பு மூடில இருந்துச்சு.

– அந்தச் சிவப்பு மூடி உடைஞ்சு, குப்பைக்குப் போயி, மண்ணாவே ஆயிருக்கும்.

– சரி, அதுக்கு ஏன் மொகத்த இப்படி வச்சிருக்க?

– எப்படி வச்சிருக்கேன்? எம் மொகமே இதுதான். செல்போன்ல பாத்துப் பாத்து உங்களுக்கு மறந்துட்டு.

– ஆ... பூண்டு எங்கனன்னு கேக்கலாமா, அதுக்கும் ஏதாவது வச்சிருக்கியா?

– கூடைல. எதுக்குப் பூண்டு?

– நசுக்கி தயிர்ல போடணும்.

– வதக்கியா?

– பச்சையா.

– பச்சப் பூண்டா! தயிர்லயா! மச்சான், சாயங்காலம் வார அருமைநாயகம் அண்ணாச்சி இதத் தின்னுட்டு ராத்திரி ஜெபக் கூட்டத்துக்குப் போகணும். அவரு வாயத் தொறந்து அல்லேலூயான்னா, முன் வரிசைல ஒரு ஆளு இருக்க மாட்டாவ.

– ரெண்டே பல்லு. உப்பு வச்சுத் தேய்ச்சா காரம் அடங்கிரும். கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க நேரத்துல அந்தத் தயிர எடு. தண்ணி வடிஞ்சிருக்கும்.

– எடுக்கேன். காலைல இதக் குழாய்ல கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிட்டிய. பாத்திரம் கழுவ வந்தா மூஞ்சிக்கு நேரா ஒரு மூட்டை ஆடிக்கிட்டு நிக்கி. ஒரு நிமிசம் உயிரே போயிட்டு எனக்கு.

– நல்லா கெட்டியா இருக்கா?

– இருக்கு, இருக்கு. உறை குத்துனது யாரு? நானுல்லா? உங்க உஸ்தா வந்தாலும் இப்படித் தயிரு உறையாது, சும்மா சொல்லக் கூடாது.

– அத நான் ஒத்துக்கிடுதேன். அங்க டப்பால வரும். சுண்ணாம்பு மாதிரி இருக்கும்.

– பாத்தியளா! பதினோரு வருசத்துல முத தடவையா எந் தயிர நல்லாருக்குன்னு சொல்லியிருக்கிய. இன்னைக்கு என்ன கிழம?

– புதன்.

– புதன்கிழம, ஆடி மாசம், சாரல் அடிக்குது, மச்சான் தயிரப் புகழ்ந்தாரு. காலண்டர்ல குறிச்சு வைக்கேன். சனிக்கிழம நீங்க ஃப்ளைட் ஏறுன பிறகு எடுத்துப் பாத்துக்கிடலாம்ல?

– ஏறுவேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? பந்தயம் என்னாச்சு?

– எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இருக்கான்னு சொல்லுங்க.

– சொல்லுதேன். அருமைநாயகம் அண்ணாச்சி நாலு மணிக்கு வாராரு. ஒரு கிண்ணம் ஜாஜிக் குடுக்கோம். சாப்பிட்டுட்டு, இன்னொரு கிண்ணம் தான்னு அவரு வாயால கேட்டா நான் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டு, ஐந்தருவி ரோட்டுல பூட்டிக் கிடக்க அவரு கடைய எடுத்து ஹோட்டல் போடுதேன். கேக்கலன்னா சனிக்கிழம திருவனந்தபுரம் போயி ஃப்ளைட் ஏறுதேன். நீ பெட்டி கட்டித் தரணும், மூச்சு விடப்பிடாது. பந்தயம் நடக்கது அண்ணாச்சிக்குத் தெரியவும் கூடாது. கலாஸ்.

– முடிஞ்சுதுன்னு தமிழ்ல சொன்னா வாய் வலிக்குமா?

– கலாஸ்னாத்தான் முடிஞ்ச மாதிரி இருக்கு.

– இதுல ஒரு கள்ளத்தனம் இருக்கு மச்சான். நான் ஞாயித்துக்கிழமைல இருந்து யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

– என்ன கள்ளத்தனம்?

– ஊருல எத்தனையோ ஆளு இருக்காவ. ருசி பாக்கதுக்கு அருமைநாயகம் அண்ணாச்சியா கெடச்சாரு? அவரு ஒரு சாப்பாட்ட நல்லாருக்குன்னு சொல்லி யாராவது கேட்டிருக்காவளா? சொந்த மக கல்யாணத்துல பந்தில உக்காந்துக்கிட்டு, பிரியாணில பட்டை தூக்கலா இருக்குன்னு சம்பந்தகாரவ முன்னாலயே சொன்ன மனுசன்.

– கடைக்குச் சொந்தக்காரரு அவருதான? அவருக்குப் பிடிச்சாத்தான கடையத் தருவாரு?

– சரி, அத விடுங்க. உங்களுக்கு கபாப் செய்யத் தெரியும். அந்தக் குச்சில குத்திச் சுடுதது. போன பெருநாளைக்குச் செஞ்சிய, தெருவே வந்து நின்னுச்சு. அதச் செஞ்சிருந்தா அண்ணாச்சி குச்சியையும் சேத்துத் தின்னுருப்பாரு. அத விட்டுட்டு ஐஸ் போட்ட தயிரு! குத்தாலத்துல! அருவில குளிச்சுட்டுப் பல்லு கிடுகிடுன்னு ஆடிக்கிட்டு வாரவன் சுடச்சுட மொளகா பஜ்ஜி எங்கன இருக்குன்னு தேடுவானா, ஐஸ் தயிரு எங்கன இருக்குன்னு தேடுவானா?

– கபாப யாருன்னாலும் திம்பான் புள்ள. இத ஏத்துக்கிட்ட ஊருதான் மத்ததையும் ஏத்துக்கிடும். உஸ்தா சொல்லுவாரு...

– உங்க உஸ்தா சொல்லது கெடக்கட்டும். நான் சொல்லுதேன். தோக்கணும்னே இதத் தேர்ந்தெடுத்திருக்கிய. போகணும்னு ஆசை. அத நேராச் சொல்ல வாய் வரல.

– அப்படியா நெனைக்க?

– வேற எப்படி நெனைக்க?

– அப்ப நீ ஒண்ணு செய். நான் போகணுமா, இருக்கணுமா? நீயே சொல்லு. பந்தயமே வேண்டாம்.

– புதினா எங்கன வச்சிருக்கிய?

– பேச்ச மாத்தாத.

– மாத்தல. காஞ்ச புதினா வேணும்னு சொன்னியளே, அதக் கேக்கேன்.

– மொட்டை மாடில காயப் போட்டேன்.

– சாரல்லயா? அய்யோ அல்லா! குத்தாலச் சாரல்ல புதினாவக் காயப் போட்ட ஒரே ஆளு இந்தத் தென்காசிலயே நீங்கதான் மச்சான். இந்நேரம் அது வேர் விட்டு வளந்திருக்கும்.

– அதான் எடுத்துட்டு வந்து தோசைக்கல்லுல போட்டு வாட்டிட்டேன். பாரு, எப்படி நொறுங்குது.

– ஏன், நான் வடகம் காயப் போட்ட மாதிரி ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கலாமே. அது சூட்டுலயே காஞ்சிரும். பத்து வருசமா அப்படித்தான் எல்லாம் காயுது இந்த வீட்டுல.

– எங்கிட்ட யாரு சொன்னா?

– கேட்டாத்தான சொல்லுவாவ.

– கேட்டாத்தான் சொல்லுவியா? இப்ப கேட்டேனே ஒண்ணு, அதுக்கு ஏன் பதில் இல்ல? ‘இருங்க’ன்னு சொல்ல மாட்ட, ‘போங்க’ன்னும் சொல்ல மாட்ட. வந்த நாள்ல இருந்து பாக்கேன். கேலி பண்ணுத, சிரிக்க, சோறு போடுத. அந்த ஒரு வார்த்த மட்டும் வர மாட்டேங்கு.

– அந்த ஒரு வார்த்தைய நான் நாலு வருசத்துக்கு முன்னாலயே சொல்லியாச்சு.

– எப்ப?

– திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல. மறந்துட்டியளா? உங்க கூடப் பொறந்த ராத்தா இருந்தாவ, அவங்க மாப்பிள்ள இருந்தாரு, கார் ட்ரைவர் இருந்தான். அத்தன பேரு முன்னாலயும் உங்க ட்ராலியப் பிடிச்சுக்கிட்டு, ‘போகாதீய மச்சான், போகாதீய’ன்னு அழுதேன். நீங்க என்ன சொன்னிய?

– பூண்டு இன்னும் நசுங்கல புள்ள.

– சொல்லுங்க. என்ன சொன்னிய?

– எல்லாரும் பாக்காவ, கைய எடுன்னு சொன்னேன்.

– கைய எடுத்தேன்ல? அப்ப எடுத்ததுதான். திரும்பி வார வழில, ஆரியங்காவு தாண்டும்போது முடிவு பண்ணுனேன். இனிமே இந்த வாயால உங்களப் ‘போகாதீய’ன்னு கேக்க மாட்டேன். நீங்களா இருந்தா இருங்க. போனா போங்க. கேக்க மட்டும் மாட்டேன்.

– அன்னைக்கு எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு புள்ள. விசா கையில, டிக்கெட் கையில, அத்தன பேரு நிக்காவ...

– பூண்ட நல்லா நசுக்குங்க. ஒரு துண்டு முழுசாக் கெடக்கு பாருங்க.

– ஷஹானா.

– கண்ணு ஒண்ணும் கலங்கல. பூண்டு நெடி.

– பூண்டுக்குக் கண்ணு கலங்காது. வெங்காயத்துக்குத்தான் கலங்கும்.

– உங்க உஸ்தா சொன்னாராக்கும்?

– ஆமா.

– அவரு வீட்டம்மா அவருகிட்ட எப்படித்தான் குடும்பம் நடத்துனாவளோ! சரி, அடுத்தது என்ன? நேரம் ஆகுது. மணி மூணேகால்.

– தயிர நல்லா அடிக்கணும். கரண்டியால இல்ல, அந்தத் தயிர் மத்த எடு. ஆங். அப்படித்தான். இப்ப பூண்டு. இப்ப வெள்ளரிக்கா. இப்ப புதினா. கசக்கித் தூவு. கொஞ்சமாத் தண்ணி. குழம்பு மாதிரி இருக்கணும், ஸ்பூனால கோரிக் குடிக்க மாதிரி.

– வாசன நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லட்டா?

– பச்சடின்னு சொல்லாத.

– பச்சடி.

– நீ திருந்தவே மாட்ட. கடைசியா ஆலிவ் எண்ணெய் விடணும், மேலாக்க. போன தடவ ஒரு பாட்டில் கொண்டு வந்தேன்லா, அத எடு.

– எது?

– ஆலிவ் எண்ணெய். பச்சக் கலர் பாட்டிலு. இஸ்பெயின் சரக்கு.

– அதா... மச்சான், அத நான் மகளுக்குத் தலைக்குத் தேச்சு விட்டுட்டேன்.

– தலைக்கா!

– தலைக்கும் ஒடம்புக்கும். மெடிக்கல்ல விக்காவளே, பிள்ளைகளுக்குத் தேய்க்கதுக்கு. அதுதான்னு நெனச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. முடி பளபளன்னு வந்துச்சு.

– நல்லெண்ணெய் அஞ்சு லிட்டரு விலைக்கு அந்த ஒரு லிட்டரு வாங்கினேன் புள்ள!

– எம் மக முடியவிட உங்களுக்குப் பச்சடி பெருசா? இருங்க, பாட்டில் அடில கொஞ்சம் கெடக்கும். கவுத்து வைக்கேன். ஒரு கிண்ணத்துக்குப் போதும்லா?

– போதும். அண்ணாச்சி கிண்ணத்துக்கு மட்டும் விடுவோம். மத்தத ஃபிரிட்ஜ்ல வை. இல்ல, மேல, ஃப்ரீசர்ல. அரை மணி நேரத்துல சில்லுன்னு ஆகணும்.

– மேல மீன் இருக்கு.

– மீனா? தயிரு மீன் வாடைய இழுத்துரும்லா! அந்த மீன எடுத்துக் கீழ வை.

– கீழ வச்சா நாளைக்குக் குழம்பு நாறும்.

– நாளைக்கு வேற வாங்கிக்கிடலாம். யல்லா, யல்லா, சீக்கிரம்.

– போனு அடிக்கி பாருங்க. உங்க போனு.

– ஹலோ? ஆமா. ஆமா, சொல்லுங்க. கேக்கல, இரு புள்ள, இங்கன சிக்னல் இல்ல, நான் மாடிக்குப் போயிட்டு வாரேன். சட்டிய ஃப்ரீசர்ல வச்சிரு. மறந்துராத. ஹலோ? ஆமா சார், சொல்லுங்க...

– நனையாதீய! சாரல் அடிக்கி! கேக்குதா? ம்ஹூம். போனக் கண்டா மழையாவது, வெயிலாவது.

– வந்துட்டேன், வந்துட்டேன். துண்டு எங்கன? சரி சரி, கேக்கல, இந்தா இருக்கு.

– யாரு போன்ல?

– மேனேஜரு. சனிக்கிழம வண்டி அனுப்பவான்னு கேக்காரு.

– அவருக்கு மட்டும் நீங்க வாரது நிச்சயமாத் தெரிஞ்சிருக்கு. நல்லது.

– புள்ள.

– ம்.

– என்ன வாசன அது?

– எது?

– என்னமோ பொரிஞ்ச வாசன.

– ஒண்ணும் பொரிக்கலயே. நான் சட்டிய ஃப்ரீசர்ல வச்சுட்டு இங்கனதான...

– கடுகு.

– கடுகா?

– கடுகு, கறிவேப்பில. மொளகா வத்தல் கூட.

– அல்லா!

– ஷஹானா, நீ என்ன செஞ்ச?

– மச்சான், சத்தியமாத் தெரிஞ்சு செய்யல. நீங்க மாடிக்குப் போனிய. அடுப்புல மத்தியானம் அப்பளம் பொரிச்ச எண்ணெய் கொஞ்சம் இருந்துச்சு. தயிரு சட்டி பக்கத்துல இருந்துச்சு. போன்ல என்ன பேசுதாரோன்னு காத மேல வச்சுக்கிட்டே... கை தானாப் போயிட்டு. கடுகு டப்பா தானா வந்துட்டு. தாளிச்சு மேல கொட்டிட்டேன். கொட்டிக் கலக்கி, மூடி, ஃப்ரீசர்ல வச்சேன். நீங்க கேக்க வரைக்கும் எனக்கே உறைக்கல!

– ஜாஜிக்க தாளிச்சுட்டியா!

– பிறந்ததுல இருந்து தயிரக் கண்டா தாளிச்ச கை மச்சான் இது. அதுக்கு என்ன தெரியும், துருக்கியா தென்காசியான்னு?

– எடு, எடு, வெளிய எடு. பாக்கட்டும். யா ரப்பி... இது என்ன, பெருங்காயமா?

– ஒரு சிட்டிகைதான்.

– கெமால் உஸ்தா இதப் பாத்தாருன்னா அவரு தொப்பிய கழத்திக் கீழ போட்டுட்டு வேலைய விட்டுப் போயிருவாரு.

– சிரிக்கியளா, அழுதியளா?

– எனக்கே தெரியல. ஸ்பூன் குடு. கடுகப் பொறுக்கிருதேன்.

– ஒவ்வொண்ணாவா?

– ஒவ்வொண்ணாத்தான்.

– நூறு கடுகு இருக்கும் மச்சான். நான் இந்தப் பக்கம் பொறுக்குதேன், நீங்க அந்தப் பக்கம். ஒண்ணு. ரெண்டு. அய்யோ, அது வழுக்கிட்டு உள்ள போகுது. வேற தயிரு வாங்கிட்டு வரவா? கடைக்கு ஓடட்டா?

– கடைத் தயிரு இதுக்கு ஆகாது. நேரமும் இல்ல. மணியப் பாரு.

– ஏம் மச்சான், நான் வேணும்னே கெடுத்தேன்னு நெனச்சிராதீய.

– நெனைக்கல புள்ள.

– நீங்க போகணும்னு நான் ஒருநாளும்...

– ஒருநாளும்? சொல்லு. ஒருநாளும்?

– ஏ ஹுஸைஃபா! வீட்டுல ஆள் இருக்கியா, எல்லாரும் அருவிக்குப் போயிட்டியளா? கதவு தெறந்து கெடக்கு!

– வாங்க அண்ணாச்சி, வாங்க! உள்ள வாங்க. குடைய அங்கன வச்சிருங்க.

– குடையா இது? மூணு கம்பி வெளிய நிக்கி. குத்தாலத்துல இருந்து இங்க வரதுக்குள்ள உசுரு போயிட்டு, கேட்டியா. ரோடு பூரா வண்டி. கேரளாக்காரன் பூரா நம்ம அருவிலதான் நிக்கான். என்னம்மா ஷஹானா, ரெண்டு பேரும் ஒரு சட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்ன பாக்கிய? ஏதும் மோதிரம் விழுந்துட்டா?

– இல்ல அண்ணாச்சி, சும்மா. உக்காருங்க. இவுக உங்களுக்காக ஒண்ணு செஞ்சிருக்காவ.

– எனக்கா? என்னலே விசேசம்?

– ஒண்ணுமில்ல அண்ணாச்சி. துருக்கில சாப்பிடுத ஐட்டம். ஜாஜிக்னு பேரு. ருசி பாத்துச் சொல்லுங்க.

– பேரு நல்லா மிரட்டலா இருக்கு. கொண்டா, பாப்பம். ஆத்தாடி! என்னலே இப்படிச் சில்லுன்னு இருக்கு? நானே நனைஞ்சுட்டு வாரேன். பல்லு கூசுது.

– அப்படித்தான் சாப்பிடணும் அண்ணாச்சி.

– துருக்கில மழையே பெய்யாதாக்கும். ம்... ஏலே.

– சொல்லுங்க.

– துருக்கிக்காரன் கறிவேப்பில போடுவானா?

– அது... அது என் கைவேலை அண்ணாச்சி. இவுக மேல தப்பு இல்ல. இவுக சரியாத்தான் செஞ்சாவ. நான்தான் தெரியாமத் தாளிச்சுட்டேன்.

– தாளிச்சியா? ம். பூண்டு கெடக்குல்லா?

– கெடக்கு. ஜெபத்துக்குப் போகணுமே, வாடை அடிக்குமோன்னு நான் அப்பவே சொன்னேன்.

– நான் பின்னால போயி உக்காந்துக்கிடுதேன். ம். புதினா. ம்.

– எப்படி இருக்கு அண்ணாச்சி?

– திங்கேன்லா. தின்னு முடிக்க விடும்மா. மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா எப்படித் தொண்டைல எறங்கும்?

– ஏ புள்ள, தள்ளி நில்லு. அவரு பாட்டுக்குச் சாப்பிடட்டும்.

– நான் என்ன செஞ்சேன்? நீங்க ஏன் அந்தத் துண்டப் பிழிஞ்சுக்கிட்டே நிக்கிய?

– ஈரம். மாடில நனைஞ்சேன்லா.

– கடைல வெள்ளை அடிக்கணும், கேட்டியா. மூணு வருசமாப் பூட்டிக் கெடக்கு. சுவத்துல பாசி. ஷட்டருக்கு எண்ணெய் விடணும். ம். அது கெடக்கட்டும், அத அப்புறம் பேசுவோம். உள்ள இருக்கது வெள்ளரிக்காதான? எங்க உள்ளது?

– ஆலங்குளம் வெள்ளரி அண்ணாச்சி. காலைல சந்தைல வாங்குனாவ.

– அதான் பிஞ்சா இருக்கு.

– அண்ணாச்சி, கிண்ணம் காலியாயிட்டு போல. இன்னும் கொஞ்சம்...

– ஏ, ஏ! நீ கேக்கப்பிடாது. சும்மா இரு.

– என்னலே கேக்கப்பிடாது?

– ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உங்களுக்கு வேணும்னா நீங்களே கேப்பியன்னு சொன்னேன். வேணுமா?

– ம்.

– அண்ணாச்சி?

– யோசிக்கேன்லா.

– கிண்ணத்த அந்த வழி வழிச்சிருக்காவ. சட்டியவும் பாக்காவ. மச்சான், கேப்பாவ போல இருக்கு!

– ஸ்ஸ்.

– இல்லம்மா. போதும். வழிச்சது பழக்கம். சாப்பாட்ட வீணாக்கப்பிடாதுன்னு எங்க அம்மா வளத்த வளப்பு. இன்னொரு கிண்ணமெல்லாம் வேண்டாம்.

– ஒரு கரண்டி, அண்ணாச்சி. ஒரே ஒரு கரண்டி.

– வேண்டாம்னா வேண்டாம். கிண்ணத்த எடுத்துரு. எம் முன்னால வைக்காத.

– கலாஸ்.

– மச்சான்.

– கலாஸ் புள்ள. விடு. பந்தயம்னா பந்தயம். அந்தப் பெரிய பெட்டி பரண் மேலதான இருக்கு? நான் எடுத்துக்கிடுதேன்.

– என் கைதான் மச்சான் கெடுத்துச்சு. நீங்க செஞ்ச மாதிரியே விட்டிருந்தா அண்ணாச்சி கேட்டிருப்பாவ. அந்தக் கடுகக் கொட்டாம இருந்திருந்தா...

– கடுகு கொட்டுனதுக்கெல்லாம் அழுவாங்களா? இங்க பாரு. என்னையப் பாரு. சனிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. பெட்டிய எறக்குவோம், வா.

– எறக்க மாட்டேன்.

– மூச்சு விடப்பிடாதுன்னு பேச்சு.

– விடுவேன். மூச்சும் விடுவேன், சத்தமும் போடுவேன். என்ன பெரிய பந்தயம்? தயிருல கடுகு விழுந்ததுக்காக எம் மாப்பிள்ளைய நான் ரெண்டு வருசம் ஃப்ளைட் ஏத்தி அனுப்பணுமா?

– அண்ணாச்சி இருக்காவ புள்ள. பாக்காவ.

– பாக்கட்டும்! அன்னைக்கும் பாக்காவன்னுதான் சொன்னிய. இன்னைக்கு நான் கைய எடுக்க மாட்டேன். அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்கிடுங்க. கேக்க மாட்டேன்னு நாலு வருசமா வைராக்கியமா இருந்தேன், அந்த வைராக்கியத்த வச்சு நான் என்ன கண்டேன்? தனியாக் கெடந்ததுதான் மிச்சம். கேக்கேன் மச்சான். போகாதீய. கடை ஓடுனா ஓடட்டும், ஓடாட்டாப் போகட்டும், கஞ்சி குடிப்போம். எனக்கு நீங்க இங்கன வேணும். போகாதீய.

– இன்னொரு தடவ சொல்லு.

– என்ன சிரிக்கிய? அழுதுக்கிட்டு நிக்கேன், சிரிக்கியளே!

– சிரிக்கல புள்ள. இன்னொரு தடவ சொல்லு.

– போகாதீய மச்சான்.

– ஏலே ஹுஸைஃபா, அவ கேட்டாச்சுல்லா? போன வியாழக்கிழமையே எங்கிட்டக் கடைச் சாவிய வாங்கிட்டு வந்துட்டு, ‘எவ்வளவு ருசியா இருந்தாலும் ரெண்டாவது கிண்ணம் கேட்டுராதீய அண்ணாச்சி, அவ வாயால ஒரே ஒரு தடவ இருங்கன்னு கேக்கணும்’னு என்னைய நாக்கக் கட்டி உக்கார வச்சியே, இனிமேலாவது அந்தச் சட்டிய இங்கிட்டுத் தள்ளுலே!